சாயம் விட்ட சிவப்பு நூல்

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது வக்கீல் அப்துல் ஜலீலின் அலுவலகம். 1973-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு பிற்பகல். கோர்ட் கலைந்து வந்த ஜலீல் கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிக்கொண்டிருந்தபோது, மரப்படியில் இரண்டு பேர் ஏறி வரும் சத்தம் கேட்டது. ஜூனியர் வைகுண்டராஜ் எட்டிப் பார்த்தான். முன்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். பின்னால் காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள், ஜீப் சாவியை விரலில் மாட்டியபடி வந்தான்.

அவள் பெயர் செல்வமணி. கூடலூரில் இருந்து வந்திருந்தாள். கூட வந்தவன் அவள் கணவன் ஏசுதாசன். கூடலூருக்கும் குமுளிக்கும் இடையில் வாடகை ஜீப் ஓட்டுகிறவன். செல்வமணி உட்காரவில்லை. நின்றபடியே வந்த காரியத்தைச் சொன்னாள். அவளுடைய ஒரே தங்கை சொர்ணலதா மூன்று வாரத்துக்கு முன்னால் தேனியில் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். தற்கொலை என்று போலீஸ் எழுதி மூடிவிட்டது. தற்கொலை என்பதால் சபையார் அவளைக் கல்லறைத் தோட்டத்து மதிலோரம் ஜெபமில்லாமல் புதைத்துவிட்டார்கள்.

"எந்தங்கச்சி தானா சாகலைய்யா. அது தப்புன்னு நீங்க ரூபிக்கணும். பாஸ்டர் ஐயா வந்து அவ குழிமேல ஒரு ஜெபம் பண்ணணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

ஏசுதாசன் தலையைக் குனிந்துகொண்டு, மரியாதையான குரலில் குறுக்கிட்டான். தானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்ததாகவும், அவள் மனசு கேட்கவில்லை என்பதால்தான் அழைத்து வந்ததாகவும் சொன்னான். "பாவம், சாகப்போற நேரத்துலயும் உட்கார்ந்து ஊசி நூலை எடுத்து ஒரு அட்டையில மன்னிப்புக் கேட்டுத் தைச்சு வச்சுட்டுப் போயிருக்கு புள்ள. அதுக்கு மேல என்னங்க ரூபிக்கிறது?" என்றான்.

ஜலீல் ஐம்பதைத் தாண்டியவர். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவர் வழக்கம். இப்போது கண்ணைத் திறந்து செல்வமணியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தங்கை தைத்து வைத்த அந்த அட்டையை அவள் பார்த்தாளா என்று. இல்லை, போலீஸ்காரர் வாசித்துக் காட்டியதுதான் என்றாள். சொல்லும்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கம் என்று நினைத்துக்கொண்டான் வைகுண்டராஜ்.

அவர்கள் போனபிறகு ஜலீல் பென்சிலை உருட்டியபடி, "நாளைக்குத் தேனி போறோம்" என்றார். வைகுண்டராஜுக்கு உள்ளுக்குள் துள்ளியது. வக்கீல் தொழிலுக்கு வந்து இரண்டு வருஷமாக அவன் வாய்தா வாங்கியதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை.

தேனி போலீஸ் ஸ்டேஷனில், வழக்கை மூடிய எஸ்.ஐ. மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் வேலுச்சாமி, ஜலீலிடம் ஒருமுறை கூண்டில் நின்று குறுக்கு விசாரணைக்கு ஆளானவர். அந்த மரியாதையில் பழைய பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் பிரித்து வைத்தார். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஒரு அட்டை. டாக்டர் கொடுத்த பிரேதப் பரிசோதனை அறிக்கை. சம்பவ இடத்தில் எழுதிய மகஜர். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் செருப்பு இரண்டும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தனவாம். அதன் அடியில் அட்டை இருந்ததாம்.

வைகுண்டராஜ் அட்டையைக் கையில் வாங்கினான். உள்ளங்கை அகல வெள்ளை அட்டை. அதில் ஊசியால் துளையிட்டு, துளைகளின் வழியே சிவப்பு நூல் ஓட்டி, 'என்னை மன்னித்துவிடு' என்று தைத்திருந்தது. எழுத்துக்கு எழுத்து இடைவெளி பிசகாத கை. இரண்டு பக்கமும் ஓரத்தில் பச்சைக் கொடி ஒன்று மேலிருந்து கீழாக ஓடியது. செத்துப்போனவளின் கையை நேரில் பார்ப்பதுபோல் அவனுக்கு இருந்தது. சட்டென்று கீழே வைத்துவிட்டான்.

ஜலீல் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், மறுபடி முன்பக்கம். பிறகு அதை அவனிடமே நீட்டி, என்ன தெரிகிறது என்றார்.

வைகுண்டராஜ் இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தான். முன்பக்கத்துச் சிவப்பு வெளுத்து, செங்கல் பொடி நிறத்தில் இருந்தது. பின்பக்கத்துச் சிவப்போ மிளகாய்ப்பழம் மாதிரிப் பளிச்சென்று இருந்தது. பின்பக்கத்தில் தையலைச் சுற்றி லேசான இளஞ்சிவப்புக் கசிவு வேறு. கிணற்றுத் தண்ணீர் தெறித்து நூல் சாயம் விட்டிருக்கும் என்றான் அவன்.

"மகஜரைப் படி" என்றார் ஜலீல்.

மகஜரில், அட்டை காய்ந்த நிலையில் இருந்தது என்றும், அந்த வாரம் முழுக்க மழையில்லை என்றும் எழுதியிருந்தது. கசிவும் பின்பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. மகஜரின் கடைசி வரியில், தண்ணீரில் ஓட்டையிட்ட எலுமிச்சம்பழம் ஒன்று மிதந்ததாகவும் குறித்திருந்தார்கள். ஊரில் அதைப் பார்த்தவர்கள் யாரோ செய்வினை வைத்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அதற்குமேல் அதை யாரும் தொடவில்லை, சாக்கடையில் எறிந்துவிட்டார்கள்.

"அறுத்த பழமா, ஓட்டை போட்ட பழமா?"

"ஓட்டைதான் சார். விரல் போற அளவுக்கு ஓட்டைன்னு அப்ப இருந்த ஏட்டு சொன்னாரு."

ஜலீல் பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் புரட்டினார். நுரையீரலில் தண்ணீர், தலையின் பின்புறம் ஒரு காயம். காயம் விழும்போது கல் தட்டியதாக இருக்கலாம். வலது ஆள்காட்டி விரலில் வீக்கம் இருந்தது. அது தண்ணீரில் ஊறியதால் இருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். அந்த வரியை ஜலீல் இரண்டு தரம் படித்தார். அப்புறம் கோப்பை மூடிவிட்டார்.

சொர்ணலதா வேலை பார்த்த இடம் தேனி பஜாரில், பொன்னுராஜின் பேப்பர்க் கடைக்குப் பின்னால் ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். இருபது பெண்கள் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் பூவும் நட்சத்திரமும் தைத்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு மிஷன்களுக்குப் போகிற சரக்கு. தைத்து முடித்ததும் பின்பக்கத்து நூல் தெரியாதபடி ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிடுவார்கள். கட்டடத்தின் கோடியில் இருந்த சின்ன அறையில்தான் சொர்ணலதா தங்கியிருந்தாள். அறைக்குப் பின்னால் கிணறு. அதன்மேல் இப்போது தகரம் போட்டு மூடியிருந்தார்கள்.

பொன்னுராஜ் பருத்த மனிதர். அவருக்கு ஜலீலைப் பார்த்ததுமே வியர்த்தது. மேற்பார்வைக்கு இருந்த பெண் செத்த இடத்தில் வேலைக்கு வர மற்றப் பெண்கள் பயப்படுவதாகவும், சரக்குப் போக வேண்டிய நாள் நெருங்குவதாகவும் புலம்பினார். சொர்ணலதாவுக்கு மனக்கஷ்டம் இருந்தது உண்மை என்றார். ஜெயமங்கலத்து வாத்தியார் ஞானதுரைக்கும் அவளுக்கும் நிச்சயமாகி இருந்தது. வாத்தியாரின் அம்மா அதை முறித்துவிட்டாள். அதுதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும்.

பிணத்தை முதலில் பார்த்த மதீனாவை ஜலீல் தனியே கூப்பிட்டுப் பேசினார். சின்னமனூரில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். அவள் முதலில் எதற்கும் ஆமாம், இல்லை என்றே பதில் சொன்னாள். சொர்ணலதாவின் விரலைப் பற்றிக் கேட்டதும்தான் நிமிர்ந்தாள்.

"நகச்சுத்து சார். செவ்வாக்கெழமையே வீங்கி, புதன்கெழமை பழுத்துருச்சு. சோத்தை எடுத்து வாயில வைக்க முடியாம எடதுகையில ஸ்பூன் வச்சுச் சாப்பிட்டாக. எலுமிச்சம்பழத்துல ஓட்டை போட்டு விரல்ல சொருகிக்கிட்டே இருந்தாக. செத்த அன்னைக்குச் சாயந்தரம் நாங்க போறப்பவும் பழம் விரல்லதான் இருந்துச்சு."

"போலீஸ்ல இதைச் சொன்னியாம்மா?"

"கேக்கல சார். அட்டையைக் காட்டி இது அவுக தையலான்னு கேட்டாக. ஆமான்னேன். முடிச்சே போடாம நூலை மறைக்கிறது அவுக மட்டும்தான்."

அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்த மாதத் தொடக்கத்தில் குமுளியில் ஒரு சர்ச் விற்பனைக்குச் சொர்ணலதா அட்டைகளை எடுத்துக்கொண்டு போனாளாம். திரும்பி வந்ததில் இருந்து சரியாகப் பேசவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை கூடலூர் போய் அக்காவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நேரில்தான் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னாளாம். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் செத்துப்போனாள்.

கிளம்பும்போது வைகுண்டராஜுக்குத் தலை சூடாகிவிட்டது. விரல் பழுத்தவள் ஊசி பிடித்திருக்க முடியாது. ஆனால் தையலோ அவளுடையது. அப்படியானால் அது முன்பே தைத்து யாருக்கோ கொடுத்த அட்டை. மன்னிப்புக் கேட்டு அட்டை தைத்துக் கொடுக்கும் அளவுக்கு உறவு யாரிடம் இருக்கும்? கட்டிக்கொள்ளப் போகிறவனிடம்தான். ஞானதுரைதான் ஆள் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டான். ஜலீல் மறுக்கவில்லை. "போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

ஜெயமங்கலத்தில் ஞானதுரையின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய தோட்டம். அதில் இரண்டு எலுமிச்சை மரங்கள் காய்த்துக் குலுங்கின. ஞானதுரை தாடி விட்டிருந்தான். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு மூன்று வாரமாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான் என்று தெரிந்தது. ஜலீல் கேட்ட எதையும் அவன் மறைக்கவில்லை. அம்மா முறித்தது உண்மைதான். ஆனால் ரெஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொள்வதென்று அவனும் சொர்ணலதாவும் பேசி முடித்துவிட்டார்கள். புதன்கிழமை அதைச் சொல்லத்தான் தேனிக்குப் போனான். விரல் வீங்கி அவள் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து, மறுநாளே தோட்டத்துப் பழங்களைப் பறித்துக்கொண்டு போய்க் கொடுத்தான்.

"கடைசியா அவ கையில இருந்தது நான் குடுத்த பழம்தான் சார்" என்று சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஜலீல் அவனிடம் கடைசியாக ஒன்று கேட்டார். சொர்ணலதா அவனை எப்படிக் கூப்பிடுவாள்? ஞானதுரைக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. நீங்க, வாங்க என்றுதான், கல்யாணத்துக்கு அப்புறமும் அப்படித்தான் கூப்பிடுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள் என்றான்.

 உத்தமபாளையம் வந்து இறங்கியதும் ஜலீல் இரண்டு காரியங்கள் செய்தார். இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். செல்வமணிக்கு ஒரு தபால் கார்டு போடச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை வரும்போது, தங்கை தைத்துக் கொடுத்த பொருள் எது வீட்டில் இருந்தாலும் எடுத்து வரும்படி அதில் எழுதச் சொன்னார்.

சனிக்கிழமை மாடி அறையில் நாற்காலி போதவில்லை. உரக்கடையில் இருந்து இரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டான் வைகுண்டராஜ். பொன்னுராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஞானதுரை சுவரோரம் நின்றான். இன்ஸ்பெக்டர் வேலுச்சாமி மஃப்டியில் வந்திருந்தார். கடைசியாகச் செல்வமணியும் ஏசுதாசனும் வந்தார்கள். அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது. தலையணை உறையும் கைக்குட்டையும் கொண்டு வந்திருப்பதாக ஏசுதாசனே சொன்னான்.

ஜலீல் மேஜைமேல் அட்டையை வைத்தார். செல்வமணி அதைப் பார்த்தாள். ஒரு தடவைதான் பார்த்தாள்.

"சொர்ணலதா தற்கொலை செஞ்சுக்கல" என்று தொடங்கினார் ஜலீல். கோர்ட்டில் பேசுவதைவிடத் தாழ்ந்த குரல். "செத்த வாரம் செவ்வாய்க்கிழமையில இருந்து அந்தப் பொண்ணுக்கு வலது ஆள்காட்டி விரல்ல நகச்சுத்து. கிணத்துல மிதந்த எலுமிச்சம்பழம் செய்வினைக்கு வச்சது இல்லை, விரல்ல இருந்து கழண்டு விழுந்தது. சோத்தையே எடுத்து வைக்க முடியாத விரலால ஊசி பிடிச்சு இவ்வளவு நேர்த்தியாத் தைக்க முடியாது. ஆனா இது அவ தையல்தான். அப்ப இது பழைய அட்டை."

பழைய அட்டை என்பதற்கு விரல் மட்டும் சாட்சியில்லை என்று அவர் தொடர்ந்தார். முன்பக்கத்து நூல் வெளுத்திருக்கிறது, பின்பக்கத்து நூல் வெளுக்கவில்லை. பல மாதம் வெளிச்சம் முன்பக்கத்தில் மட்டும் பட்டிருக்கிறது. அதாவது சுவரில் எங்கோ மாட்டியிருந்த அட்டை. பின்பக்கத்தில் சாயம் கசிந்திருக்கிறது, முன்பக்கத்தில் கசியவில்லை. சுவரின் ஈரம் பின்னாலிருந்து ஏறியிருக்கிறது. முன்னால் கண்ணாடி இருந்திருக்க வேண்டும். கடைச் சரக்குக்குப் பின்னால் தாள் ஒட்டுவார்கள், இதில் ஒட்டவில்லை. விற்பனைக்குத் தைத்ததல்ல, சொந்த மனுஷருக்குத் தைத்தது.

"ஓரத்துக் கொடியைப் பாருங்க. ரெண்டு பக்கமும் மேலயும் கீழயும் முடியாம அப்படியே அந்தரத்துல நிக்குது. எந்தத் தையல்காரியும் கொடியை மூலையில திருப்பாம விடமாட்டா. மேலயும் கீழயும் வேற வரிகள் இருந்திருக்கு. அதைக் கத்தரிச்சு எடுத்துட்டாங்க."

அப்படியானால் அந்த அட்டை யாருக்குத் தைத்தது? வைகுண்டராஜ் ஞானதுரையைப் பார்த்தான். ஜலீல் அவனையே பார்த்து, அட்டையில் இருக்கும் சொல்லை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

"என்னை மன்னித்துவிடு" என்றான் வைகுண்டராஜ்.

"சாகப் போறவ எல்லார்கிட்டயும் கேட்டா, மன்னித்துவிடுங்கள்னு தைப்பா. ஆண்டவர்கிட்ட கேட்டா, சபையில வளர்ந்த பொண்ணு, மன்னியும்னு தைப்பா. முதலாளிகிட்டயும் மன்னித்துவிடுன்னு கேக்கமாட்டா. வாத்தியாரை அவ நீங்கன்னுதான் கூப்பிட்டிருக்கா. நீன்னு உரிமையாக் கூப்பிட இந்த உலகத்துல அவளுக்கு இருந்தது ஒரே ஆள்."

 கீழே உரக்கடையில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

இன்னொன்றையும் ஜலீல் சொன்னார். கொன்றவனுக்கு விரல் விஷயம் தெரியாது. பொன்னுராஜ் தினமும் அவளைப் பார்த்தார். ஞானதுரை பழமே பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர்கள் இருவரில் யாராக இருந்தாலும், ஊசி பிடிக்க முடியாதவள் தைத்ததாகக் காட்டி ஒரு அட்டையை வைக்கத் துணிந்திருக்க மாட்டார்கள். அந்த வாரம் அவளைப் பார்க்காமல், அட்டையோடு வந்தவன் ஒருவன் இருந்தான். இருட்டில் பழத்தைப் பார்த்திருந்தாலும் அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

"ஏசுதாசன், நீங்க மொதல் நாள் இங்கன வந்தப்ப, அவ சாகப்போற நேரத்துல உட்கார்ந்து தைச்சதாச் சொன்னீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க, அதனால அதுல ஒண்ணும் தப்பில்லை. ஆனா உங்க சம்சாரத்துக்குத் தங்கச்சி தைச்சுக் குடுத்த அட்டையை, உங்க வீட்டுச் சுவர்ல இருந்து எடுக்க யாரால முடியும்?"

ஏசுதாசன் பதறவில்லை. வைகுண்டராஜுக்கு அதுதான் பயமாக இருந்தது. ஜீப் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, வருத்தப்படுகிற மனிதனின் குரலில், ஐயா பெரியவர், தெரியாமல் பேசுகிறார் என்றான். அப்படி ஒரு அட்டை தன் வீட்டில் என்றைக்கும் இருந்ததில்லை என்றான். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லு செல்வமணி. நம்ம வீட்ல இருந்துச்சா?"

 செல்வமணி பையில் கைவிட்டுத் தலையணை உறையை எடுத்து மடியில் வைத்தாள். கைக்குட்டையை எடுத்து அதன்மேல் வைத்தாள். அடியில் இருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து, தாளைப் பிரிக்காமல் அப்படியே ஜலீலிடம் நீட்டினாள்.

ஜலீல் பிரித்தார். கல்யாணப் போட்டோ. சட்டத்தில் இருந்து கழற்றியிருந்தது. மாலையோடு நின்றிருந்த இளம் ஏசுதாசனும் செல்வமணியும். போட்டோவைச் சுற்றி இருந்த வெள்ளை அட்டையின் கீழ்மூலையில் இளஞ்சிவப்பில் மங்கலாக ஏதோ இருந்தது. வைகுண்டராஜ் குனிந்து பார்த்தான். எழுத்துகள். சுவரில் ஏறிய ஈரத்தில் நூலின் சாயம் இறங்கிப் பதிந்த எழுத்துகள். மூன்று வரி. மேல்வரியில் 'அக்கா' என்றிருந்தது. நடுவரியில் 'என்னை மன்னித்துவிடு'. கடைசி வரியை அவன் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது. 'அடுத்த கிறிஸ்துமஸ் உன்னோடுதான்.'

ஜலீல் நறுக்கின அட்டையை எடுத்து நடுவரியின்மேல் பொருத்தினார். எழுத்தோடு எழுத்து சரியாக உட்கார்ந்தது.

"போன வருஷம் வேலை அதிகம்னு வரமுடியல. அதுக்குத்தான் தைச்சு அனுப்பிச்சா" என்றாள் செல்வமணி. கணவனைப் பார்க்காமல் சொன்னாள். "கண்ணாடிக்குள்ள சொருகி வச்சிருந்தேன். தங்கச்சி செத்த சேதி வந்த அன்னைக்குக் காணோம். கேட்டேன். புள்ளைக கிழிச்சிருக்கும்னு சொன்னாக."

ஏசுதாசன் எழுந்தான். கதவுக்கு அருகில் இன்ஸ்பெக்டர் ஏற்கனவே நின்றிருந்தார். கீழே ஜீப்புக்குப் பக்கத்தில் இரண்டு கான்ஸ்டபிள்கள் இருந்ததை வைகுண்டராஜ் அப்போதுதான் ஜன்னல் வழியே பார்த்தான். ஏசுதாசன் படியிறங்கும்போது ஒரு தடவை நின்று, புள்ளைக வீட்ல தனியா இருக்கும், யாராவது போகணும் என்றான். 

அன்று மாலையே அவன் ஒத்துக்கொண்டான். குமுளியில் அவனுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. ஒரு பெண்ணும் கைக்குழந்தையும். சர்ச் விற்பனைக்கு வந்த சொர்ணலதா மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்துவிட்டாள். அக்காவிடம் நீங்களாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் வந்து சொல்வேன் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை இருட்டும் நேரத்தில், சொல்லிவிட்டேன், சமாதானம் பேச வந்தேன் என்று அவளைக் கிணற்றடிக்கு அழைத்தான். கல்லால் அடித்துத் தள்ளினான். வெட்டி வைத்த அட்டை அப்போது அவன் சட்டைப்பையில் இருந்தது.

எல்லோரும் போன பிறகும் செல்வமணி அந்த மாடியிலேயே உட்கார்ந்திருந்தாள். வைகுண்டராஜ் டீ வாங்கி வந்து வைத்தான். அவள் தொடவில்லை. அவனால் பொறுக்க முடியவில்லை. முதல் நாளே படத்தைக் காட்டியிருந்தால் போதுமே, எதற்காக இத்தனை நாள் என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகு ஏன் கேட்டோம் என்றிருந்தது.

அவள் மடியில் இருந்த தலையணை உறையை மடித்தபடி பேசினாள். குமுளியில் ஒருத்தி இருக்கிறாள் என்று ஊர் பேசியது அவள் காதிலும் விழுந்திருந்தது. நம்பாமல் இருந்தாள். அட்டை காணாமல் போனதும், கண்ணாடிக்குப் பின்னால் எழுத்து மட்டும் நிற்பதைப் பார்த்ததும் நம்பாமல் இருக்க முடியவில்லை. மூன்று வாரம் அதே வீட்டில் அவனுக்குச் சோறு போட்டாள்.

"என் வாயால சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன்யா. நாளைக்குப் புள்ளைக வளந்து, அம்மா சொல்லித்தான் அப்பா ஜெயிலுக்குப் போனாகன்னு நெனைக்கும். நீங்களாக் கண்டுபிடிச்சா அது வேற. அதான் வந்தேன்." பிறகு, ஜலீலைப் பார்த்து, "நீங்க கண்டுபிடிக்காமப் போயிருந்தாலும் நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

 பாஸ்டருக்கு எழுத வேண்டிய கடிதத்தை ஜலீலே உட்கார்ந்து எழுதினார்.

அடுத்த வாரம் தேனிக் கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் நடந்தது. மதிலோரத்துக் குழிமேல் புல் முளைத்திருந்தது. பேப்பர்க் கடைப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மதீனா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்றாள். ஞானதுரை முகத்தை மழித்திருந்தான். ஜலீல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிவாசலருகே நின்றுகொண்டார். வைகுண்டராஜ் செல்வமணிக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. அவளுக்கு இருபுறமும் அவளுடைய இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு எட்டு வயதிருக்கும்.

பாஸ்டர் ஜெபித்து முடித்து வேதப்புத்தகத்தை மூடினார். எல்லோரும் கலையத் தொடங்கினார்கள். மூத்தவள் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, அப்பா ஏன் வரலை என்று கேட்டாள்.  பக்கத்தில் நின்ற பெண்களில் ஒருத்தி குனிந்து, அப்பா குமுளிக்கு ஓட்டம் போயிருக்காக, வந்துருவாக என்று சொல்லத் தொடங்கினாள்.

செல்வமணி கையை நீட்டி அவளைத் தடுத்தாள். மண்ணில் முட்டிபோட்டு உட்கார்ந்து, மகளின் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக்கொண்டாள். வைகுண்டராஜ் ஓரடி விலகி நின்றான். 

"அப்பா இனி வரமாட்டாக தாயி" என்றாள் அவள். "சித்தியைக் கொன்னது அப்பாதான். போலீஸ்கிட்ட அதைக் காட்டிக் குடுத்தது நான்தான். கோவம் வந்தா என் மேல கோவப்படு."